வில் பிடித்த கையில் ஒரு தப்படி

செல்லோ வாசிக்கிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது, "பெரிய வயலினா தம்பி?" என்றுதான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதே குடும்பம்தான். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே அணைத்து, அடியிலுள்ள ஊசியைத் தரையில் ஊன்றி வாசிக்கிற நான்கு கம்பி வாத்தியம். இலங்கை மலையகத்தில், மீரியபெத்தவை ஒட்டிய கொஸ்லாந்தைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த எனக்கு அது கொழும்பில்தான் கைக்கு வந்தது. காதுக்கு அதற்கு முன்பே தோட்டத்துத் தப்பு மேளம் வந்துவிட்டது.

வில்லை இழுத்தால் ஒலி வரும் என்று நினைத்துத்தான் எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். இழுப்பதற்கு முன்னமே வேலை தொடங்கிவிடுகிறது. சுட்டுவிரலின் பாரம் வில்லில் இறங்க, ரோசின் தடவிய குதிரைமயிர் கம்பியைக் கவ்வ வேண்டும். கவ்விய கம்பி கொஞ்ச தூரம் கூடவே போய், வழுக்கித் திரும்பும். மயிர் மறுபடி கவ்வும். மெல்லிய கம்பியான ஏ-யில் இது நொடிக்கு 220 தடவை நடக்கிறது. நீளமாக, குழைவாகக் கேட்கிற அந்த நாதம் இப்படிக் கவ்வியும் விட்டும் உண்டாவதுதான். முதல் கவ்வல் சரியாக விழாவிட்டால் அதன் பிறகு எவ்வளவு அழகாக இழுத்தாலும் ஸ்வரம் பூஞ்சையாகத்தான் நிற்கும். தப்பில் குச்சி விழுகிற இடத்தையும் நேரத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. கைக்கே தெரியும்.

மலைக்காட்டு வாத்தியக்காரனுக்கு இன்னொரு பாடு, காலநிலை. ஐப்பசி மழை தொடங்கினால் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும். கம்பிகள் உயர்ந்து இடக்கை விரல் வலிக்கும். ஊவாவில் கச்சான் வீசும் மாதங்களில் மரம் காய்ந்து முறுக்காணி வழுக்கும். தப்புக்காரருக்கும் இதே தொல்லைதான். அவர் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொள்வார். நான் செல்லோவை நெருப்பருகே கொண்டுபோக முடியாது, ஒட்டு விட்டுவிடும்.

இந்த இரண்டு வாத்தியங்களையும் ஒன்றாக நினைக்க எனக்குத் துணிவு தந்தவர் ரொஹான் டி சேரம். 1939இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். கஸ்பார் கசாடோவிடமும் பாப்லோ கசல்ஸிடமும் பயின்றவர். 2005 வரை பல ஆண்டுகள் அர்டிட்டி நால்வர் குழுவில் செல்லோ வாசித்தவர். 2024இல் காலமானார். அவர் கண்டிய மேளமும் வாசிப்பார். அதை அறிந்த இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ, 2002இல் அவருக்காகவே எழுதிய படைப்பு 'செக்குவென்சா 14'. அதில் சில இடங்களில் செல்லோக்காரர் வில்லை விட்டுவிட்டு, ஒரு கையால் கம்பிகளையும் மறு கையால் மரவுடலையும் தட்டி மேளத்தின் தாளங்களை எழுப்புவார். முதன்முதலில் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். வில் பிடிக்கிற கைக்குள் இருந்த அடியை ஒருவர் வெளியே எடுத்துக் காட்டிவிட்டார்.

கண்டிய மேளம் வேறு, நம் தப்பு வேறு. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. மேளத்தின் அறிவு செல்லோவுக்குள் போனதும் ஐரோப்பிய மேடைகள் அதை மதித்தன. அதற்குச் சற்றும் குறையாத அறிவு தோட்டத்துத் தப்புக்காரர் தோளில் தொங்குகிறது. அவரோ வாசலோடு நிறுத்தப்படுகிறார். அந்தக் காலத்தில் காலையில் ஆட்களைக் கூட்டப் பிரட்டுத் தப்பு இருந்தது; திருவிழாவுக்கு ஒன்று, காமன் கூத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேலை உண்டு. ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தவில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பாடைக்கு முன்னால் நடந்து அடிப்பதுதான் சாவுத் தப்பு. பாடையே இல்லாத சாவுக்கு எதை அடிப்பது? இப்படியொரு கேள்வியை எந்த இசைப் பள்ளியும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

தப்பைச் செல்லோவுக்குள் கொண்டுபோக இன்னொரு டி சேரம் பிறக்கட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை. அப்படி உள்ளே போனால்தான் மரியாதை என்பதும் தப்பை அவமதிப்பதுதான். அதனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது வில்லைக் கடைசியில்தான் கொடுக்கிறேன். முதலில் தப்பு அடிக்கும் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்வார். எந்த அடி அழுத்தம், எந்த அடி வெறும் தொடல் என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக் காட்டுவார். அவரைப் பிள்ளைகள் 'சேர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மணிக்கு எனக்கு என்ன கூலியோ அதுதான் அவருக்கும், காசாக. சாராயப் போத்தலாக அல்ல.