பின் இருக்கையில் ஒருவர்

எங்கள் திடலில் மாடல் விமானம் விடுபவர்களில் பெரும்பாலோர் ‘த்ரீ-டி’ ஆட்கள். விமானத்தை மூக்கு மேலே பார்க்க அந்தரத்தில் நிறுத்துவார்கள். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்ற விடுவார்கள். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகு நான் என் மஞ்சள் கப்பை ஏற்றினால், பாதிப்பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய்விடுவார்கள்.

“அண்ணே, உங்களுக்கு உடைஞ்சிரும்னு பயம். அதான் சும்மா வட்டம் போடறீங்க” என்றான் ஒரு தம்பி. அந்தச் சொல் பல நாள் கூடவே வந்தது.

த்ரீ-டி எளிதல்ல. விரல்களுக்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். ஆனால் அந்த விமானங்களில் மோட்டாரின் இழுவிசை விமானத்தின் எடையைவிட அதிகம். அந்தரத்தில் நிற்கும்போது தாங்குவது சிறகு அல்ல, புரொப்பெல்லர். எடை என்ற ஒன்றே இல்லாததுபோல் பறப்பதுதான் அதன் அழகு.

எனக்குப் பிடித்தது இதற்கு நேர்மாறு: லேசான ஒன்றை, எடை இருப்பதுபோல் பறக்க வைப்பது. பைப்பர் ஜே-3 கப் 1938இல் வந்த சிறிய பயிற்சி விமானம். பிறகு 65 குதிரைத்திறன் எஞ்சினோடு பிரபலமானது. வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில்தான். என் மாடல் அதில் நான்கில் ஒரு பங்கு. அப்படியென்றால் வேகமும் கால் பங்கா? இல்லை, பாதி. உருவத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. அதனால் வேகம் அளவின் வர்க்கமூலத்தைப் பிடித்துப் போகிறது. மணிக்கு 60ஐத் தாண்டினால் கப் பொம்மையாகிவிடும்.

என் மோட்டாருக்கும் தேவைக்கு மேல் பலம் உண்டு. அதைத் தொடாமல் இருப்பதில்தான் வேலையே. வலப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் இடப்பக்கம் இழுக்கும்; கூடவே ரடரும் கொடுக்க வேண்டும். நிஜ கப்பில் ஃபிளாப் கிடையாது. இறங்கும்போது உயரம் கூடிவிட்டால், உடம்பைச் சற்றுக் குறுக்காகத் திருப்பிச் சறுக்கவிட்டுத்தான் உயரத்தைக் குறைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பினால் எல்லாருக்கும் தெரியும்.

சுபாங் பக்கம் போகும்போது ஏடிஆர் 72 இறங்குவதை நின்று பார்ப்பேன். ஓடுபாதைக்கு மேலே மூக்கை மெல்லத் தூக்கி, ஒரு கணம் தயங்கி, அப்புறம் சக்கரத்தை வைக்கும். அந்தத் தயக்கத்தைத் திடலில் கொண்டுவர முயல்கிறேன். பத்துக்கு இரண்டு முறை வருகிறது.

கப்பில் தனியாகப் பறப்பவர் முன்னால் உட்கார மாட்டார். எடை சமன்பட பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். என் மாடலிலும் அங்கேதான் ஒரு சிறு பொம்மை மனிதரை வைத்திருக்கிறேன். தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் தலை சாயுமா, வயிறு புரளுமா என்று யோசித்தே குச்சியை நகர்த்துகிறேன். த்ரீ-டி விமானத்தில் அவரை ஏற்றினால் கழுத்து தாங்காது.

தம்பி சொன்னது சரிதான், பயம் உண்டு. ஆனால் அது என் பயம் இல்லை, அவருடையது. அந்தப் பயம் இருக்கும்வரை அது விமானமாக இருக்கிறது.