இரண்டு நாற்காலி, ஒரு ஆள்



போன மாதம் எங்கள் வீட்டு இணையப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அதற்கு நான் சம்மதிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. இருக்கிற பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்பது என் கட்சி.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பின்கட்டில் ஒரு நெசவுக் குடும்பம் குடியிருக்கிறது. தறியிலிருந்து இறங்கும் புடவையை அந்த வீட்டு மருமகள் கைபேசியில் வீடியோவில் காட்டி விற்கிறாள். இணைப்பு எங்களுடையதுதான். மாலை ஆறு மணி ஆனால் படம் அப்படியே நின்றுவிடும். ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை பார்த்த ஒரு குடும்பம், ஜரிகையைக் கிட்டத்தில் காட்டும் நேரம் பார்த்துத் தொடர்பு அறுந்ததால் வேறு இடத்துக்குப் போய்விட்டது. "பரவாயில்லை தாத்தா" என்றாள். பத்துப் பதினைந்து நாள் இரண்டு பேர் உழைத்த உழைப்பு. பரவாயில்லை என்று எப்படி இருப்பது?

சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனை அழைத்தேன். "சித்தப்பா, தனியாக ஒரு ரவுட்டர் வாங்குங்கள்" என்றான். "ரூட்டர் என்று சொல்லடா" என்றேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'ரூத்' என்றால் சாலை. ஆங்கிலேயர் அந்தச் சொல்லை எங்கள் வாத்தியார்களின் மொழியிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். சொல் மட்டுமல்ல. செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வழி பார்த்து அனுப்பும் முறையை 1970களில் சிக்லாத் என்ற வலையமைப்பில் செய்து காட்டியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். இன்றைய இணையத்துக்கு அதுவும் ஒரு வேர்.

அவன் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்குள் பிரித்துக் கொடுப்பது ஸ்விட்ச் வேலை. வெளியே எந்த வழியாகப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது ரூட்டர் வேலை. எங்கள் பெட்டி இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. வெளியே போகும் ஒவ்வொரு தொடர்பையும் ஒரு பட்டியலில் குறித்து வைத்தால்தான் பதில் வந்ததும் யாருக்கு என்று தெரியும். மாலையில் எட்டுக் கைபேசி, இரண்டு டிவி. பட்டியல் நிரம்பினால் பெட்டி திணறும்.

பெரிய இடத்திலும் இதே கதைதானாம். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இணையத்தின் வழிப்பட்டியல் ஏறக்குறைய 5 லட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டியது. ஸ்விட்சும் ரூட்டரும் ஒன்றாக இருந்த பழைய பெரிய பெட்டிகள் பலவற்றில் அவ்வளவுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பல நாடுகளில் இணையம் தடுமாறியது. சிலர் நினைவக ஒதுக்கீட்டை மாற்றிச் சமாளித்தார்கள். வேறு சிலர் வழி பார்க்கும் வேலையைத் தனி ரூட்டரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே பிரிப்பதை மட்டும் ஸ்விட்சிடம் விட்டார்கள். அந்த வேலையில் ஸ்விட்ச் மகா வேகம்.

இதைக் கேட்டதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

1980களில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். வரும் தபாலைப் பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றிப் பிரிவுகளுக்குக் கொடுக்க ஒருவர். வெளியே அனுப்ப நான். அவர் ஓய்வு பெற்றார், இடம் நிரப்பப்படவில்லை. இரண்டு நாற்காலியையும் நானே பார்த்தேன். அதில் ஒரு பெருமைகூட. மார்ச் மாதக் குவியலில், ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கருத்துரு உள் தபால் கட்டோடு சேர்ந்து என் அலமாரியிலேயே ஏழு வாரம் கிடந்தது. அந்த அம்மா திங்கட்கிழமைதோறும் வருவார். "அனுப்பியாகிவிட்டது" என்பேன், பதிவேட்டைப் புரட்டிப் பார்க்காமலே. கண்ணில் பட்ட அன்றே அனுப்பிவிட்டேன். ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. பணம் வந்ததும் அந்த அம்மா வந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் இன்றும் உறுத்துகிறது.

அண்ணன் மகன் வந்து புது ரூட்டரை வைத்தான். பழைய பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. ஃபைபரில் வரும் ஒளியை மாற்றிக் கொடுக்கும் வேலையை மட்டும் அதற்கு விட்டு, மற்றதைப் புதியதற்கு மாற்றினான். பின்கட்டுப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "கோர்வைப் புடவைக்கு மூணு நாடா சார். கூட ஒரு ஆள் உட்கார்ந்தாத்தான் ஓடும்" என்றார். அவன் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எல்லா வீட்டுக்கும் இது தேவையில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் பழைய பெட்டியே போதும். விஷயம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நேற்று மாலை ஏழு மணிக்கு மருமகள் ஒரு மாம்பழ நிறப் புடவையைக் கடைசி மடிப்பு வரை காட்டி விற்றாள். "தாத்தா, ரொம்ப நன்றி" என்றாள். "மூன்று மாதம் தாமதப்படுத்தியது நான்தான் அம்மா, மன்னித்துக்கொள்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போனாள்.