ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி...

கணினி திடீரென்று நீலத்திரை காட்டி நின்றுவிட்டால் ஹாஸ்டலில் கிடைக்கும் முதல் வைத்தியம், "வைரஸ்டா மச்சி, ஃபார்மட் பண்ணிடு!" கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பெரும்பாலும் அதே பதில்தான். ஃபார்மட் பண்ணினால் கணினி ஓடும். ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் அக்கா கல்யாண போட்டோவும் போயே போச்சு. கெட்டுப்போனது ஒரே ஒரு ஃபைலாகக்கூட இருக்கலாம் என்பதுதான் கொடுமை.

உதாரணம் வேண்டுமா? 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட் ஃபைல் ஒன்றில் பிழை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை. சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழிப்பதுதான் வைத்தியமாக இருந்தது. ஃபார்மட்டுக்கு அங்கே வேலையே இல்லை!

அதற்கும் முன்பு, 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸ், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த சிஸ்டம் ஃபைலான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. காவல்காரனே வீட்டுக்காரரை வெளியே தள்ளிய கதை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஃபைல்களைக் காப்பாற்ற வேண்டும். உபுண்டு லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால், விண்டோஸ் எழாவிட்டாலும் காப்பி எடுத்துவிடலாம். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் மட்டும் 48 இலக்க ரிகவரி கீ வேண்டும்.

அடுத்து, திரையில் வரும் ஸ்டாப் கோடை செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். 2025-இல் விண்டோஸ் 11-இல் நீலத்திரை கறுப்பாகிவிட்டது, ஆனால் கோடு அதேதான். சேஃப் மோடில் கணினி ஒழுங்காக ஓடினால், கடைசியாகப் போட்ட டிரைவர் அல்லது சாஃப்ட்வேர் மேல் சந்தேகப்படலாம்.

பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, டிஐஎஸ்எம் கட்டளையை ரிஸ்டோர்ஹெல்த் சேர்த்துக் கொடுத்துவிட்டு, எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கொடுக்க வேண்டும். எஸ்எஃப்சி கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலை எடுத்துவிட்டு, விண்டோஸ் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் நல்ல பிரதியைப் போடும். அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் அதைச் சரிசெய்வது டிஐஎஸ்எம். அதனால்தான் அது முதலில்.

சரிசெய்த ஃபைல்கள் மறுபடி மறுபடி கெட்டால் குற்றவாளி விண்டோஸாக இருக்காது. ராம் அல்லது ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். சாகப்போகிற டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி என்ன பயன்?

இத்தனையும் பார்த்து, ஃபைல்களும் பத்திரமாக வெளியே வந்த பிறகு, ஃபார்மட் பண்ணினால் நஷ்டம் ஒன்றுமில்லை. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அந்த 48 இலக்கத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள் மக்களே. கணினிக்குள்ளேயே சேவ் பண்ணி வைக்காதீர்கள்!