அம்மாவை எங்கே விடுறது?

ஒரு மாசமா இந்தப் பக்கம் எழுதலை. அம்மா தவறிட்டாங்க. 84 வயசு. படுக்கையில கிடக்கலை, யாருக்கும் சிரமம் வைக்கலை. போன் பண்ணி விசாரிச்சவங்களுக்கு நன்றி.

இன்னைக்கு எழுத வந்தது அந்தச் சாவைப் பத்தி இல்லை. மறுநாள் என் கைக்கு வந்த மண்கலயத்தைப் பத்தி.

டவுன்ல மின்மயானத்துல எரிச்சா, அவங்களே ஒரு சின்னப் பானையில போட்டுக் கொடுத்துடுவாங்க. எங்க ஊர்ல நாமதான் பொறுக்கோணும். காலையில காடாத்துக்குப் போய், தண்ணி தெளிச்சுச் சூடு ஆத்தி, பாலும் இளநியும் ஊத்தி, சாம்பலுக்குள்ள கையை விட்டு எலும்பை எடுத்தோம். வெந்த எலும்பு சுண்ணாம்புக்கல் மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுத்தினா உதிரும். ஒரு கட்டுச் சோளத்தட்டைத் தலையில வச்சுக்கிட்டு வரப்புல விறுவிறுன்னு நடந்த அம்மா, ஒரு கலயத்துல அடங்கிட்டாங்க.

கலயத்தை வீட்டுக்குள்ள கொண்டு வர மாட்டோம். வாய்க்குத் துணி கட்டி, தோட்டத்துல மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்துல தொங்கவிட்டேன். அடுத்த நாள் பவானி கூடுதுறைக்குப் போறதுன்னு பங்காளிங்க முடிவு பண்ணிட்டாங்க.

எனக்கு மனசு வேற பக்கம் போச்சு. தோட்டத்துலயே விட்டா என்ன? அம்மா அறுபது வருசம் புழங்கின மண்ணு. விவசாயியா யோசிச்சாலும் தப்பில்லை. எலும்புல இருக்கிறது சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும்தான். எலும்புத்தூளைக் கடையில காசு கொடுத்து உரமா வாங்கறோமே! நேருகூட 1954-ல எழுதின உயில்ல, தன் சாம்பல்ல ஒரு கைப்பிடியை அலகாபாத்துல கங்கையில விட்டுட்டு, பெரும்பகுதியை விமானத்துல கொண்டுபோய் விவசாயிங்க பாடுபடுற வயல்ல தூவச் சொல்லியிருந்தார். 1964-ல அவர் இறந்த பிறகு அப்படியே செஞ்சாங்க. பிரதமரே வயல்ல கலக்கலாம்னா எங்கம்மா கலக்கக் கூடாதா?

ராத்திரி அக்காகிட்டச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, நீ நெசமா அம்மாவுக்காகத்தான் சொல்றியா?"ன்னாங்க.

"வேற யாருக்காகக்கா?"

"உன்ற பையனுக்காக. ஆத்தா இங்க இருக்காங்கன்னு ஆயிட்டா, நாளைக்கு அவன் தோட்டத்தை விக்க மாட்டான்னு பாக்கற."

எனக்கு வாயடைச்சுப் போச்சு.

பையன் பெங்களூருல வேலை பாக்கறான். எங்க தோட்டத்துக்குக் கிழக்கால இருந்த ரெண்டு தோட்டமும் சைட் போட்டாச்சு. போன தீபாவளிக்கு வந்தப்ப, "இங்க சென்ட் என்ன விலை போகுதுங்கப்பா?"ன்னு கேட்டான். ஏன்னு கேட்டதுக்கு, "சும்மாதானுங்க"ன்னான். அந்தச் 'சும்மா'வை நான் மறக்கலை.

அக்கா விடலை. "அறுபது வருசம் இந்த மண்ணுல பாடுபட்டாங்க. செத்த பிறகும் காவலுக்கு நிக்க வைக்கோணுமா? அப்பாவைக் கரைச்சுட்டு வந்த அன்னைக்கு அம்மா உன்கிட்ட என்ன கேட்டாங்க, ஞாபகம் இருக்குதா?"

இருந்துச்சு. அப்பெல்லாம் பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டோம். நாங்க திரும்பி வர்றப்ப அம்மா வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. "தண்ணி நெறையப் போச்சா சாமி? ஒரே எடத்துல நின்னுக்கலையே?"ன்னு கேட்டாங்க. "நல்லாப் போச்சும்மா"ன்னேன். அது சித்திரை மாசம். தண்ணி கொஞ்சமாத்தான் ஓடுச்சு. நான் சொன்னது பொய்.

அம்மா தனக்கு என்ன செய்யோணும்னு ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விதான் எங்களுக்கு மிச்சம்.

விடிஞ்சதும் கலயத்தை எடுத்துட்டுக் கிளம்பிட்டோம். அக்காவும் வந்தாங்க. மேட்டூர்ல தண்ணி திறந்திருந்த நேரம். பவானியும் காவிரியும் சேர்ற எடத்துல நல்ல ஓட்டம். இடுப்பளவு தண்ணியில நின்னு விட்டேன். கலயத்துல கட்டியிருந்த துணியை மட்டும் திருப்பி எடுத்துட்டு வந்துட்டோம். கரையில ஏற்கெனவே அவ்வளவு பழந்துணி கிடக்குது. நீங்க போனாலும் ஆத்துல துணியை விடாதீங்க. அங்கிருந்து ஈரோடு, கொடுமுடி, திருச்சி தாண்டிக் கடலுக்குப் போற தண்ணி. அம்மா ஈரோடு தாண்டிப் போனதை விரல் விட்டு எண்ணிடலாம்.

திரும்பி வர்றப்ப கார்ல பையன் கேட்டான். "ஆத்தாவைத் தோட்டத்துல வைக்கலாம்னு நெனச்சீங்களாமா? அத்தை சொன்னாங்க."

"ஆமாப்பா."

"வச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனுங்க."

சொல்லியிருக்க மாட்டான்தான். அவனுக்கே பாரமா இருந்தாலும் வாயைத் திறக்காம சுமந்திருப்பான். அதை நெனச்சப்பதான் அக்கா சொன்னது முழுசா உறைச்சுது.

பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். தோட்டத்தைப் பத்தி அப்பப் பேசோணும். அவன் என்ன சொல்லுவான்னு தெரியலை. விக்க வேண்டாம்னு நான் கேக்கறதா இருந்தா, என் வாயால கேட்டுக்கறேன். அதுக்கு அம்மாவை இழுக்கக் கூடாது.