அக்கா பேசாத மாதங்கள்

வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுவது என் தொழில். அப்படிப்பட்ட என்னிடம், பீடோரில் இருக்கும் என் அக்கா கடந்த ஆண்டு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அழைத்தால் எடுப்பார். “ம்”, “சரி”, “அப்புறம் பேசறேன்”, அவ்வளவுதான். தீபாவளிக்கு நான் வராத கோபம் என்று நினைத்து, நானும் அழைப்பதைக் குறைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, சாலையோரக் கடையில் அவருக்குப் பிடித்த கொய்யா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த வெக்கையிலும் ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி வைத்திருந்தார். கொய்யாவைத் தொடவில்லை.

“கோபமெல்லாம் இல்லடா தம்பி. பேசினா, மென்னா, காத்து பட்டா, கன்னத்துல கரண்ட் அடிக்குது” என்றார். பல்வலி என்று நினைத்து ஒரு பல்லையும் பிடுங்கியாகிவிட்டது. வலி போகவில்லை.

அக்காவுக்கு ஆறு ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் நோய் அது. கால் மரத்துப்போகும், பார்வை மங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். முகம் வலிக்கும் என்பது தெரியாது. பல் மருத்துவரிடம் இந்த நோயைப் பற்றி நாங்கள் யாரும் சொல்லவும் இல்லை.

ஈப்போவில் நரம்பியல் மருத்துவர் விளக்கினார். முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு மூளைத்தண்டில் நுழையும் இடத்தில் உறை சிதைந்திருக்கிறது. அதனால்தான் மின்னல் வெட்டுவது போன்ற வலி. நடிகர் சல்மான் கான் 2011-இல் தமக்கு இருப்பதாகச் சொன்னதும் இவ்வகை முகநரம்பு வலிதான். பலருக்கு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதால் இது வருகிறது. வயது நாற்பதுக்குள் இந்த வலி வந்தால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறதா என்றும் மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

சாதாரண வலி மாத்திரைகள் இதற்குக் கேட்பதில்லை. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின் பலருக்குக் கேட்கிறது. ஆசியர்கள் சிலருக்கு அது தோலையே உரிக்கும் கடும் ஒவ்வாமையைத் தரக்கூடும் என்பதால், முதலில் மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டினார்கள். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் இருக்கின்றன. வலி அடியோடு போகவில்லை, ஆனால் வருவது குறைந்திருக்கிறது.

வீட்டில் யாராவது திடீரென்று பேச்சைக் குறைத்தால், கோபமா என்று கேட்கும் முன் எங்கேயாவது வலிக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு அதைக் கேட்க மூன்று மாதம் ஆனது.

போன வாரம் நிகழ்ச்சி முடிந்ததும் அக்காவே அழைத்தார். “இன்னிக்கு ரொம்ப வேகமா பேசினடா” என்றார். கொய்யாவை மெல்லிசாக நறுக்கிச் சாப்பிட்டாராம். பன்னிரண்டு நிமிடம் பேசினோம்.