திருப்பாச்சேத்தி: பொறி பறக்குது பாஸ்!

மதுரை மாட்டுத்தாவணியில ராமேஸ்வரம் போற பஸ்ஸைப் பிடிங்க. சிலைமான் தாண்டினா கீழடிக்குத் திரும்புற ரோடு வரும். மியூசியம் பார்க்க இறங்குறவங்களோட நீங்களும் இறங்கிடாதீங்க! திருப்புவனத்தையும் தாண்டி உட்கார்ந்திருந்தா, மதுரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்ல சிவகங்கை மாவட்டத்து திருப்பாச்சேத்தி.

'அட, நம்ம திருப்பாச்சி!'னு பல்ப் எரியுதா? 2005-ல் விஜய் படம் வந்து பேரை இன்னும் பரப்பிச்சு. ஆனா, அருவாளுக்கு இந்த ஊர் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஃபேமஸ். "அருவான்னாலே வெட்டுக்குத்துதானா தம்பி? கருப்பசாமிக்கு நேர்ந்துக்கிட்டவனும் வாங்குறான், வெறகு வெட்டுறவனும் வாங்குறான், இளநி சீவுறவனும் வாங்குறான்" என்று முறைக்கிறார் பெரியப்பா. என் ரூம்மேட்டோட பெரியப்பா. இப்போ எனக்கும் பெரியப்பா!

அவர் பட்டறைக்குப் போனா முதல்ல வரவேற்கிறது சத்தம்தான். உலையில சிவந்த இரும்பைக் குறட்டால் பிடிச்சு அடைகல்லில் வைக்கிறார் பெரியப்பா. அவர் மகன் சம்மட்டியை இறக்குறார். டங்... டங்... அது என்ன இரும்புங்கிறீங்க? லாரிக்கு அடியில இருந்து கழற்றின பட்டை! நம்ம பாஷையில லீஃப் ஸ்பிரிங். 0.5, 0.6 சதவிகிதம் கார்பன் இருக்கிற ஸ்டீல். பழுக்கக் காய்ச்சி சட்டுனு நனைச்சா முறுக்கேறும். இதுக்கு இவங்க வெச்சிருக்கிற பேர் 'துவைச்சல்'. நாம செமஸ்டர்ல 'ஹீட் ட்ரீட்மென்ட்'னு பத்து மார்க்குக்குப் பக்கம் பக்கமா எழுதுறோமே, அதேதான்.

சரி, நாங்க ஏன் போனோம்? அண்ணன் ஒரு மெஷின் வாங்கணும். "நீங்கதான் மெக்கானிக்கல் படிக்கிறீங்களே, பார்த்துச் சொல்லுங்கப்பா" என்று வீட்டுல கூப்பிட்டாங்க.

கேட்க சிம்பிளா இருந்தது. உட்கார்ந்து பேசினப்பதான் வயிற்றைக் கலக்கிச்சு. அருவாளை மட்டும் நம்பினா வருஷம் முழுக்க ஓட்ட முடியாது, கிச்சன் கத்தி போடணும்ங்கிறது அண்ணனோட பிளான். அருவாளுக்கு சாணைக்கல்லும் அரமும் போதும். ஆனா கிச்சன் கத்திக்கு ரெண்டு பக்கமும் ஒரே சரிவு வேணும், வழவழப்பு வேணும். சாணைக்கல்லுல ஒரு கத்திக்கே அரை நாள் போயிடுது. பெல்ட் கிரைண்டர் இருந்தா சமாளிக்கலாம். அதுக்கான காசு, பெரியம்மாவோட செயினை அடகு வெச்சு வரணும். தப்பா வாங்கினா மெஷின் மூலையில, செயின் பேங்க்ல, அண்ணன் திரும்பவும் திருப்பூர் பஸ்ல!

அண்ணன் செல்போன்ல மூணு மெஷின் காட்டினார். முதலாவது குட்டி. பெல்ட் 25 மில்லிமீட்டர் அகலம், 762 நீளம். விலை மலிவு. ஆனா கொஞ்சம் அழுத்தினாலே மோட்டார் திணறும். ரெண்டாவது தச்சு வேலை சாண்டர். பெல்ட் 100-க்கு 915. மரத்துக்கு ஓகே. கத்தியோட சரிவை அதுல எடுக்குறது கஷ்டம். மூணாவது 50-க்கு 1,830, அதாவது ரெண்டு அங்குலத்துக்கு 72 அங்குலம். உலகம் முழுக்க கத்தி செய்றவங்க அதிகமா வெச்சிருக்கிற சைஸ். மெஷினை ஒரு தடவைதான் வாங்குறோம், பெல்ட்டை வாழ்நாள் முழுக்க வாங்கணும். அதனால எந்த சைஸ்ல சொரசொரப்பு 36-லிருந்து 400 வரைக்கும் பெல்ட் சுலபமா கிடைக்குதோ, அந்த சைஸ் மெஷின்தான் நமக்கு!

அடுத்தது ஸ்பீடு. நிமிஷத்துக்கு 2,880 சுற்று ஓடுற மோட்டார்ல 100 மில்லிமீட்டர் சக்கரத்தை மாட்டினா, பெல்ட் நொடிக்கு சுமார் 15 மீட்டர் பறக்கும். இதை நான் கணக்குப் போட்டுக் காட்டினதும் அண்ணன் முகத்துல ஆயிரம் வாட்ஸ். பெரியப்பா மட்டும் சிரிக்கவே இல்லை.

"வேகமா ஓடுறது இருக்கட்டும் தம்பி. மெதுவா ஓடுமா?"

துவைச்சல் போட்ட ஒரு கத்தியை எடுத்து சாணையில அழுத்திப் பிடிச்சார். சில நொடிதான். ஓரத்துல வைக்கோல் மஞ்சள், பழுப்பு, அப்புறம் நீலம். "போச்சு! இனி இதுல கூர் நிக்காது." நீலம் வந்தா அந்த இடம் கிட்டத்தட்ட 300 டிகிரியைத் தொட்டுடுச்சுனு அர்த்தம். ஏத்தின கடினம் அங்கே இறங்கிடும். உலையில பட்ட பாடெல்லாம் வேஸ்ட்!

அதனாலதான் அவர் கையுறை போடாம தேய்க்கிறார். விரல்ல சூடு ஏறினதும் தண்ணித் தொட்டியில முக்குறார். "கை பொறுக்காத சூட்டை கத்தியும் பொறுக்காது."

நான் படிச்ச ஃபார்முலா ஸ்பீடைச் சொல்லிச்சு. எவ்வளவு ஸ்பீடு போதும்னு சொன்னது அவர் விரல். இந்த மெஷினுக்கு அவசியம் குதிரை சக்தி மட்டும் இல்லை, கடிவாளமும்தான்!

அந்தக் கடிவாளத்துக்குப் பேர் வி.எஃப்.டி. கரன்ட்டோட ஃப்ரீக்வென்சியை 50 ஹெர்ட்ஸ்லிருந்து 25-க்கு இறக்கினா மோட்டார் வேகமும் பாதியாகும். துவைச்சலுக்கு முன்னாடி ஃபுல் ஸ்பீடுல சதையைக் கழிக்கலாம். பின்னாடி மெதுவா, புது பெல்ட்டா போட்டு, அடிக்கடி தண்ணி காட்டி முடிக்கலாம். (தேய்ஞ்ச பெல்ட் வெட்டாது, உரசும். சூடு ஏறும்.) வீட்டு சிங்கிள் ஃபேஸ்லேயே இதை வெச்சு த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டலாம். ஆனா மோட்டார் 230 வோல்ட்ல, டெல்டா கனெக்‌ஷன்ல ஓடுற டைப்பானு கேட்டு வாங்கணும். வி.எஃப்.டி-யை தூசு புகாத டப்பாவுக்குள்ள வைக்கணும். இரும்புத்தூள் உள்ளே போனா ஷார்ட் ஆகிடும்.

தூசுன்னதும் இன்னொரு விஷயம். இங்கிலாந்துல கத்திக்குப் பேர்போன ஊர் ஷெஃபீல்டு. 1800-களில் அங்கே மணற்கல் சாணையில தண்ணி இல்லாம ஃபோர்க் தேய்ச்ச தொழிலாளிகள் நுரையீரல் கெட்டு சின்ன வயசுலேயே செத்துப்போனாங்க. பெல்ட்டுல மணற்கல் கிடையாது. அதுக்காக இரும்புத்தூளை மூச்சா இழுக்க முடியுமா? ஃபில்டர் வெச்ச மாஸ்க், கண்ணாடி, பெல்ட்டுக்குக் கீழே பொறி விழ ஒரு வாளித் தண்ணி... இதெல்லாம் மெஷின் விலையோட சேர்ந்த செலவு.

சாயங்காலம் முடிவாச்சு. 50-க்கு 1,830 பெல்ட், ரெண்டு ஹெச்.பி மோட்டார், வி.எஃப்.டி. ஃபிரேமை மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டாம், பழைய இரும்புல அண்ணனே வெல்டிங் வைப்பார். மிச்சமாகிற காசு மாஸ்க்குக்கும் பெல்ட்டுக்கும். பெரியம்மா செயினைக் கழற்றி மேஜை மேல வெச்சாங்க. "ஆறு மாசத்துல மீட்டுத் தந்துடுறேம்மா" என்றார் அண்ணன். பெரியம்மா எதுவும் சொல்லலை. பெரியப்பாதான் கேட்டார்: "முதல் கத்தியை நான்தான் தேய்ப்பேன். சம்மதமா?"

அண்ணன் தலையாட்டினார்.