எப்போ வருது சத்தம்?

பழைய காரின் முன்பக்கம் கடகடவென்று அடித்தால், ராயபுரத்து மெக்கானிக்குகள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்க மாட்டார்கள். "எப்போ வருது சார்? பிரேக் புடிக்கச் சொல்லவா, ஸ்டியரிங் ஒடிக்கச் சொல்லவா?" என்பார்கள். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போதா, சின்னச் சின்னப் பள்ளத்தில் வேகமாகப் போகும்போதா என்பது அடுத்த கேள்வி. இடத்தைச் சொல்வதில் ஓட்டுகிறவரின் காதை நம்புவதற்கில்லை. ஓரிடத்துச் சத்தத்தை இரும்பு கடத்திக்கொண்டுபோய் வேறிடத்தில் இறக்கிவிடும். வலது சக்கரத்தில் ஆடும் புஷ், இடது காலடியில் தட்டுகிற மாதிரி கேட்கும். எப்போது என்பதைச் சொல்வதில் அவ்வளவு தப்பு வராது.

எங்கள் வீட்டு வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் செய்து விற்றது. ஊரெல்லாம் அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டே கதவுள்ள இந்தக் குட்டி வண்டியை அப்பா செகண்ட் ஹேண்டில் பிடித்துவந்தார். துறைமுகத்தில் அவருக்கு வேலை. வீடு மேற்கு மாதா கோயில் தெருவை ஒட்டிய சந்தில். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் என்பதால், மீன்கூடை வண்டிகளுக்கு நடுவே அப்பா ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு போவார். பின்னால் வந்த அம்பாசடர்க்காரர் ரிவர்ஸ் போட்டு, முன்னால் வந்து, மறுபடி ரிவர்ஸ் போட்டுக்கொண்டிருப்பார்.

அதன் பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாயும். சக்கரம், ஸ்பிரிங், ஆர்ம் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். எங்கள் மெக்கானிக் மேஸ்திரி டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். அவ்வளவு பெரிய தகரத்தைப் பிடித்து வைத்திருப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள், கொஞ்சம் ரப்பர் கட்டைகள். ரப்பர் தேய்ந்தாலோ கொக்கி தளர்ந்தாலோ முன்பக்கம் மொத்தமும் உதறும். கேட்கிறவர் சஸ்பென்ஷனே போய்விட்டது என்று சத்தியம் செய்வார்.

அதனால் மேஸ்திரி ஆர்ம் பக்கமே போக மாட்டார். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்துக் கொக்கிக்கு அடியில் திணித்து, "ஒரு ரவுண்டு வா சார்" என்பார். சத்தம் பாதியாகும். அடுத்து பேட்டரி கிளாம்ப், அப்புறம் சைலன்சர் குழாய் எங்காவது தட்டுகிறதா என்று ஒரு பார்வை. டிக்கியில் கிடக்கும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வெளியே வரும். "கழிச்சிக்கினே வரணும் சார். மிச்சம் இன்னா நிக்குதோ அதான் கேஸு." கணக்குப் பாடத்தில் எனக்குப் பிடிபடாத கழித்தல், அந்தத் தெருவோரத்தில்தான் எதற்கு உதவும் என்று தெரிந்தது.

பெரியப்பா எண்ணூர் லேலண்டில் இருந்தார். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி அது. முதலில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. பிறகு லாரிக்கும் பஸ்ஸுக்கும் வந்து, 1955இல் அசோக் லேலண்டானது. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால், அப்பா டீ வரும்வரைகூடப் பொறுக்காமல் வண்டியைக் காட்டுவார். பெரியப்பா நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அப்பா பம்பரைப் பிடித்து வண்டியை மேலும் கீழும் அமுக்க வேண்டும். அந்தப் பக்கம் திருவொற்றியூர் ஹைரோட்டில் புல்லட் போகும். 1956இல் அங்கே திறந்த என்ஃபீல்டு ஆலையால் எங்கள் பகுதியில் அந்தச் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதற்கு மேல் கூட்ஸ் வண்டி, துறைமுகத்துச் சங்கு, ஐஸ் ஃபேக்டரி. இத்தனைக்கும் நடுவே ஒரு 'டொக்' எப்படிக் கேட்கும் என்று ஒருநாள் கேட்டேன். "மத்ததெல்லாம் எப்பவும் கேக்குறது. இது நீ அமுக்கினாத்தானே கேக்குது" என்றார்.

மறுபடி மேஸ்திரிக்கு வருகிறேன். எல்லாம் கழித்த பிறகும் ஹெரால்டில் ஒரு தட்டல் மிச்சம் நின்றது. சக்கரத்தைத் தூக்கி, பன்னிரண்டு மணி இடத்தில் ஒரு கை, ஆறு மணி இடத்தில் ஒரு கை வைத்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது. "பிரேக்க மிதிடா" என்றார் என்னிடம். மிதித்தேன். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் ஆடினால் அதற்கு உள்ளே, சக்கரத்தைத் தாங்கும் மூட்டில் தேய்மானம். ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் பிடித்து ஆட்டினால் டை ராடு, ஸ்டியரிங் ரேக் வண்டவாளம் தெரியும். எங்கள் வண்டியில் பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை.

ஹெரால்டுக்கு மேலே பால் ஜாயிண்ட், கீழே ட்ரன்னியன். பித்தளை நிறத்தில் ஒரு கட்டை. அதற்குள் இரும்புத் தண்டின் மரை இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் திரும்பும். இதற்குப் போடவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் கன்னுக்குள் ஆயிலை நிரப்பிப் பழசு வழிந்து வரும்வரை அடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் கிரீஸையே அடித்துவிடுவார்கள். அது மரையின் அடிவரை போகாமல் மேலேயே கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே தங்கும், தண்டு துருவேறும். ஆயில் பார்த்த ட்ரன்னியன் வருஷக்கணக்கில் உழைக்கும். பார்க்காதது ஒருநாள் வண்டியைச் சந்துக்குள் திருப்பும்போது முறியும். சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். வண்டியை மெதுவாகத் திருப்பும்போது அது முறிந்தால் அதிர்ஷ்டம்.

எங்கள் பக்கம் துரு சீக்கிரம் வரும். கடல் காற்று ஒன்று. காசிமேட்டிலிருந்து வரும் மீன் வண்டிகள் ரோடு நெடுக ஊற்றிக்கொண்டு போகும் உப்புத்தண்ணீர் இன்னொன்று. அது தெறித்து நேராக ஆர்முக்கும் மரைக்கும்தான் போகும். மேஸ்திரி கழற்றிய தண்டைத் துணியால் துடைத்து அப்பா கையில் கொடுத்தார். மரை பாதி வரை பளபள, அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் அரித்த பள்ளங்கள். அப்பா நகத்தால் ஒரு பள்ளத்தை நெருடிப் பார்த்தார். வேறு தண்டுக்குப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளுக்கு அலைந்தோம். ட்ரன்னியனின் குறுக்கு போல்ட்டுக்கான நைலான் புஷ்ஷைத் தண்டையார்பேட்டை லேத்துப் பட்டறையில் கடைந்து தந்தார்கள்.

பட்டறைக்காரர் ரப்பர் புஷ்ஷை மட்டும் தொடமாட்டார். திருவொற்றியூரில் ரப்பர் பழைய தொழில். எம்ஆர்எஃப் 1946இல் அங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் ஆரம்பித்தது. ஆனாலும் புஷ்ஷில் ரப்பரும் இரும்பும் ஒட்டியே வரவேண்டும், அது பட்டறை வேலை இல்லை. அதை மாட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்ம் போல்ட்டை முறுக்கக்கூடாது. முறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். லூசாக மாட்டி, வண்டியை இறக்கி, அதன் எடை அதன்மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இன்றைக்கும் புது புஷ் போட்ட மறு மாதமே சத்தம் வருகிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: தூக்கி வைத்து முறுக்கினார்களா, இறக்கி வைத்தா?

இப்போது என்னிடம் இருப்பது பழைய ஹேட்ச்பேக். ஹெரால்டின் பெரிய பானெட்டும் ட்ரன்னியனும் கிடையாது. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் லிங்க், அவ்வளவுதான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்குப் பக்கத்தில், அவை குழியாக்கிய ரோட்டில் போகும்போதெல்லாம் லிங்க் கடகடக்கும். வடக்கே காமராஜர் துறைமுகத்தில் 2010லிருந்து புத்தம்புதுக் கார்கள் கப்பலேறிக்கொண்டிருக்கின்றன. நம்மூர்ப் பள்ளத்தைப் பார்க்காமலே வெளிநாடு போகிற பாக்கியசாலிகள்.

மேஸ்திரி இப்போது இல்லை. பட்டறை அவர் மகன் கையில். தண்டவாளங்களைக் குறுக்கே கடக்கும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்தான் மகனுக்கும் டெஸ்ட் ரோடு. சின்ன அதிர்வில் கடகட என்றால் லிங்க். பெரிதாக ஒரே ஒரு 'டொக்' என்றால் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது முனகினால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் அடங்கினால் பிரேக் பேட் ஆடுகிறது. சந்தேகம் வந்தால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கட்டிவைத்து, மெதுவாக ஒரு சுற்று போய்ப் பார்க்கிறார். அவர் அப்பாவின் கழித்தல்தான்.

போன முறை போனபோது பட்டறையில் பேட்டரி கார் ஒன்று நின்றது. ஓனர் முகம் வாடி, "வாங்கினதிலேர்ந்து முன்னாடி ஏதோ தட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் பெரிசா இல்லண்ணா, லிங்க் நட்டு லூசு. பெட்ரோல் வண்டியா இருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கவே தெரியாது. இஞ்சினையே கழிச்சிட்டுக் குடுக்குறானுங்க, மிச்சம் எல்லாம் பளிச்சுனு கேக்குது. இனிமே நமக்கு வேலை ஜாஸ்திதான்."